செகண்ட்ஸ் தட்டில் இருந்த தத்துப்பூச்சி

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, எருக்கும் வேலிக்காத்தானும் தவிர எதுவும் முளைக்காது என்று எல்லோரும் கைவிட்ட கல்லாங்காட்டில் ஒரு தறிக்குடோன் கட்டினேன். முதலில் நாலு தறி. இரும்புக் கடைக்குப் போக இருந்த பழைய தறிகளைப் பிரித்து ஏற்றி வந்து, நானே மாட்டி ஓட்டினேன். பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு. போர் போட வந்தவர்கள் இரண்டு இடத்தில் புழுதி பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். மூன்றாவது இடத்தை நான் காட்டினேன், தண்ணீர் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து குடோன் வரை லாரி வர ஒரு தடம் போட்டேன். கரண்ட் கம்பம் நட மாட்டோம் என்றவர்களை நட வைத்தேன். அந்தக் கம்பத்திலிருந்து இன்றைக்கு இருபது வீட்டுக்குமேல் விளக்கு எரிகிறது. நான் படித்தது நாலாம் வகுப்பு. அப்பன் சேர்த்து வைத்த சொத்து கிடையாது. இவ்வளவையும் ஒற்றை ஆளாகச் செய்தேன்.

இதில் எதிலும் என் பெயர் இல்லை. குடோன் முகப்பில் குலதெய்வத்தின் பெயர். தடம் பஞ்சாயத்துப் பெயரில் இருக்கிறது. நெய்த துணியில் வாங்குகிறவன் முத்திரை குத்திக்கொள்கிறான். நான் யாரிடமும் கேட்டதில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேட்டிருக்கிறேன். அது விரல் நகத்தைவிடச் சின்ன ஒரு காகிதச் சீட்டு. ஒரு பூச்சிக்குக் கீழே ஊசியில் குத்தி வைத்திருக்கிறார்கள். அதில் என் பெயர் வர வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவில் துணி துவைக்கும் கல் இருக்கிறது. அந்தத் தண்ணீர் போகும் வாய்க்காலை ஒட்டி இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு செம்பருத்தி. ஒரு நாள் காலையில் சாமிக்குப் பூப் பறிக்கப் போன என் மனைவி அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வந்து நில்லுங்க. மானத்துல ஒரு மேகங் காணோம், எம்மேல தூறுது."

"கொழாய் ஒழுகுதா பாரு."

"கொழாய் அக்கட்ட இருக்குதுங்க. செடி தூறுது."

போய் நின்றேன். புறங்கையில் சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிளைத் தண்டின் அடிப்பக்கம் வரிசையாகப் பூச்சிகள். ஒவ்வொன்றும் ஒரு நெல்லைவிடச் சற்று நீளம். உடம்பு காவிக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம். தலையிலும் தோளிலும் கருப்புப் பொட்டு. இறக்கை நுனி மையில் தோய்த்தது போல் கருப்பு. கால் மஞ்சள், முட்டி மட்டும் கருப்பு. வாலிலிருந்து நொடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுண்டி எறிந்துகொண்டிருந்தன. கையை நீட்டினேன். பறக்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் போய்விட்டன, முதலாளி வருவதைப் பார்த்துத் தறிக்குப் பின்னால் நகர்கிற ஆள் மாதிரி. நான் சுற்றி வந்தால் அவையும் சுற்றி வந்தன.

சாயம் ஓடாத, விளிம்பு கலங்காத அந்த மாதிரி நிறத்தை நான் நெசவில் பார்த்ததில்லை. இரண்டைப் பிடித்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, பூச்சி மருந்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் டப்பாவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"தத்துப்பூச்சியாட்டத் தெரியுதுங்க. ஒரு மூடி மருந்து போதும். காலையில ஒண்ணு இருக்காது."

"பருத்தியில நாம்பாத்த தத்துப்பூச்சி பச்சையா, பொடிசா இருக்குமுங்க. இதுக்குப் பேரு என்ன?"

"பேரு தெரிஞ்சு என்னங்க பண்றது? பத்திரிகை அடிக்கப் போறீங்களா?"

"பேரு தெரியாத ஆள நான் குடோனுக்குள்ளயே உடறதில்லீங்க. பேரு தெரியாம எப்படி மருந்தடிக்கறது?"

அவர் சிரித்துவிட்டு ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். கோயமுத்தூரில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண். சொந்த ஊர் போத்தனூர். கல்யாணமாகிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வயது. போனில் நான் நிறத்தைச் சொன்னதும் அவர் நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. காலைக் கேட்டார்.

"ஐயா, பின்னங்கால்ல, முட்டிக்குக் கீழ முள்ளு இருக்குதுங்களா? கண்ணுக்குத் தெரியாதுங்க, லென்ஸ் வேணும்."

"என்ற சட்டைப் பாக்கெட்லயே லென்ஸ் இருக்குது அம்மணி. சித்த இருங்க."

ஒரு அங்குலத் துணியில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவதற்கு எங்களிடம் ஒரு மடக்குக் கண்ணாடி உண்டு. பிக் கிளாஸ் என்போம். நாற்பது வருடமாக என் பாக்கெட்டில் இருக்கிறது. அதை விரித்துப் பூச்சியின் பின்னங்கால்மேல் வைத்தேன். கால் நீளத்துக்கும் முள். தறி அச்சின் பல் மாதிரி சீரான வரிசை. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் ஒரே எண் வந்தது. எண்ணைச் சொன்னேன்.

"ஐயா என்ன தொழில் பண்றீங்க?"

"பன்னண்டு தறி ஓட்டறேன்."

அவர் விளக்கினார். இதே சாயலில் இன்னொரு பூச்சி இனம் உண்டு. அதற்குக் காலில் தடித்த முள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இப்படி வரிசையாக இருந்தால் தத்துப்பூச்சிதான். செடிக்குள் வேரிலிருந்து மேலே ஏறுகிற தண்ணீரை இது உறிஞ்சுகிறது. அதில் சத்து மிகக் குறைவு. அதனால் ஏராளமாகக் குடித்து, வேண்டாததை வாலால் எறிகிறது. என் மனைவிமேல் விழுந்த தூறல் அதுதான். முள் எதற்கு என்று கேட்டேன். பூச்சி தன் உடம்பிலிருந்தே ஒரு குழம்பை வெளியே விட்டு மேலெல்லாம் பூசிக்கொள்ளும், அது காய்ந்து பொடியாகும், அந்தப் பொடியைக் கால் முள்ளால் வாரிப் பரப்பிக்கொள்ளும், அதற்குப் பிறகு தண்ணீர் ஒட்டாது என்றார்.

"கஞ்சி போடுதுன்னு சொல்லுங்க," என்றேன்.

"என்னங்கய்யா?"

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுச் சீப்பால் வாரி நிரவுவதை அவருக்குச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் அத்துடன் விடவில்லை. ஒரு பூச்சியின் இறக்கைமேல் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு வைத்தேன், உருண்டு ஓடிவிட்டது. சாயம் நிற்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு, சோப்புத் தண்ணீரில் போடுவது. அதையும் செய்தேன். பூச்சி நனைந்து முழுகிவிட்டது, நிறம் மட்டும் அப்படியே இருந்தது. கஞ்சி போய்விட்டது, சாயம் போகவில்லை என்று மறுநாள் போனில் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றார்.

ஆனால் தத்துப்பூச்சி என்பது சாதிப் பெயர் மாதிரி. அதற்குள் எந்த வகை என்று தெரிய வேண்டும். மெடிக்கல் கடை ஸ்பிரிட்டில் முப்பது பூச்சி பிடித்துப் போட்டு வைக்கச் சொன்னார். வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

"கெடைக்கறது எல்லாத்தையும் போடுங்கய்யா. பொறுக்காதீங்க."

அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கை வேறு மாதிரி பழகியது. குடோனில் நெய்து இறங்கும் துணியை விளக்கு வைத்த மேஜைமேல் இழுத்துப் பார்ப்போம். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தப் பீஸ் தனியே போகும். அது செகண்ட்ஸ். என் மேஜையைத் தாண்டி ஒரு செகண்ட்ஸ் பீஸ் நல்ல கட்டுக்குள் போனது கிடையாது. பூச்சியையும் அதே மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். பெரியது, நிறம் முழுதாக ஏறியது, பொட்டு தெளிவாக இருப்பது, எல்லாம் ஒரு பாட்டில். இருபத்திரண்டு தேறியது. சின்னதும் நிறம் மட்டமாக இருந்ததும் எட்டு. அவற்றை இன்னொரு பாட்டிலில் போட்டு, செகண்ட்ஸ் அடுக்கும் தட்டில் வைத்தேன். செகண்ட்ஸை எறிகிற பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. எதற்காவது ஆகும்.

அந்தப் பெண் பஸ் பிடித்து வந்தார். செடியின் கீழ் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எல்லாமே இவ்வளவு அழகா இருக்குதுங்களே," என்றார். எனக்குப் பெருமைதான். காபி குடிக்கும்போது நோட்டை எடுத்து, "மொதல்ல யாருங்கய்யா பாத்தது?" என்று கேட்டார்.

"நாந்தான்," என்றேன்.

என் மனைவி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பெண் போன பிறகு சொன்னாள்.

"தூறல் உங்க மண்டையிலயாங்க உழுந்துச்சு?"

"தூறல் உனக்கு உழுந்துச்சு. பூச்சின்னு பாத்தது நானு."

"செரிங்க. அப்ப நாளைக்கு மழை பேஞ்சாலும் நீங்க பாத்த பொறவு பேஞ்சதாவே இருக்கட்டும்."

காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

சில வாரம் கழித்து போன் வந்தது.

"ஐயா, ஒரு சிக்கலுங்க. இருபத்திரண்டும் பொண்ணு. ஒண்ணு கூட ஆண் இல்லீங்க."

பெண் பூச்சியை வைத்து வகையை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நிறமும் பொட்டும் ஏமாற்றும். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று வகை இருக்கலாம், ஒரே வகையில் பொட்டு கூடலாம், குறையலாம். ஆண் பூச்சியின் வால் நுனிக்குள் இருக்கும் உறுப்பின் வடிவம்தான் வகைக்கு வகை மாறும். அதைப் பார்த்தால்தான் பெயர். இன்னும் கொஞ்சம் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது. நடுவில், கிளை கரண்ட் ஒயரைத் தொடுகிறது என்று செம்பருத்தியைப் பாதிக்கு வெட்டிவிட்டிருந்தேன். பூச்சி போய்விட்டது. ஒன்றைக் கூடக் காணோம்.

"பரவாயில்லீங்க. அடுத்த வருசம் பாக்கலாம்."

"ஆண் எப்படி அம்மணி இருக்கும்?"

"கொஞ்சஞ் சின்னதா இருக்குமுங்க. சிலதுல நெறமும் மட்டாத்தான் இருக்கும்."

நாற்பது வருடத்தில் மேஜையில் நான் செய்த முதல் தப்பு அது. நல்லதைச் செகண்ட்ஸில் போட்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டுத் தட்டுக்குப் போனேன். பாட்டில் அங்கேயே இருந்தது, மேலே பஞ்சுத் தூசு படிந்து. எட்டும் உள்ளே கிடந்தன.

மறுநாளே பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். எட்டில் ஆறு ஆண். ஒன்றின் வால் நுனியை வெட்டி, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றி, சூடு காட்டினார்.

"காஸ்டிக்குங்களா?" என்றேன்.

"ஆமாங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"துணி வெளுக்கற எடத்துல இதுல ஒரு வகையத்தான் காய்ச்சுவாங்க. கையில பட்டா தோல் வழுவழுங்கும்."

காஸ்டிக்கில் சதை கரைந்துவிடும், கெட்டியான பாகம் மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கும். அதை நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். இரண்டு பக்கமும் வளைந்த கொக்கி, நடுவில் ஒரு தண்டு, தண்டின் நுனியில் பிளவு. புத்தகத்தில் வரைந்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். டிசைன் தாளோடு துணியை ஒத்துப் பார்ப்பது போலத்தான். நாலாவது படம் ஒத்தது. பெயரைச் சொன்னார். இரண்டு சொல், நீளம். நாக்கில் நிற்கவில்லை, காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். புது வகை இல்லை, ஏற்கெனவே பெயர் வைத்ததுதான். ஆனால் அந்த அறையின் பெட்டிகளில் நம் பக்கத்தில் பிடித்தது என்று இதுவரை ஒன்றுகூட இல்லை, இதுதான் முதல் என்றார்.

பிறகு ஊசியில் குத்தி, அடியில் சீட்டையும் குத்திப் பெட்டியில் வைத்தார். நான் பிக் கிளாஸை எடுத்து அந்தச் சீட்டின்மேல் வைத்தேன். இங்கிலீஷ் எழுத்துகள் எனக்குத் தெரியும், தறியில் வார்த்திருக்கும் பெயர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பெயரைக் கூட்டிப் படித்தேன். கீழே தேதி. அதற்குக் கீழே ஒரு பெயர். அது என்னுடையது இல்லை.

"இது யாரு பேரு அம்மணி?"

"எம்பேருங்கய்யா. சேகரிச்சவங்க பேரு எழுதறது வழக்கம்."

"சேகரிச்சது நீங்களா?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "அன்னைக்கு உங்க ஊட்டுல இருந்து நாந்தானே எடுத்துட்டு வந்தேனுங்க. அதுக்கு அடிச்ச சீட்டு மிச்சம் இருந்துது."

"நீங்க எடுத்துட்டு வந்தது மொத பாட்டில். அதுல பேரு கெடைக்கல. இந்தப் பாட்டில் என்ற மடியில பஸ் ஏறி வந்துது. எங்க குடோன்ல ஒவ்வொரு பீஸ்லயும் ஒரு சீட்டு வெப்போம் அம்மணி. எந்தத் தறி, யாரு நெய்ஞ்சதுன்னு அதுல இருக்கும். துணி நல்லா இருந்தாலும் அந்தப் பேருதான், ஓட்டை இருந்தாலும் அந்தப் பேருதான். சீட்டில்லாம ஒரு பீஸ் என்ற வாசலத் தாண்டுனதில்ல."

அவர் வாதாடவில்லை. தப்புதான் என்றார். ஆனால் குத்திய சீட்டை எடுக்கக் கூடாதாம், பிழையாக இருந்தாலும். இன்னொருவர் பிறகு வந்து பார்க்கும்போது முதலில் என்ன எழுதினார்கள் என்பதும் தெரிய வேண்டுமாம். திருத்தம் இருந்தால் அதே ஊசியில் கீழே இன்னொரு சீட்டு குத்தலாம்.

"என்னன்னு எழுதட்டுங்க? சொல்லுங்க. எடம் ரொம்பச் சின்னது."

வாயைத் திறந்தேன். நான் பார்த்தேன், நான் பிடித்தேன் என்று சொல்ல வந்தது. அன்றைக்கு டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனவள் ஞாபகத்துக்கு வந்தாள். ஊருக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி பத்தாவது வரை படித்தவள். முழுதும் கேட்டாள்.

"அப்ப உங்க பேர உட்டுப்போட்டாங்கன்னு உங்களுக்குக் கோவம்."

"கோவமெல்லாம் இல்ல. செஞ்சவன் பேரு இருக்கோணும்."

"ஆமாங்க. இருக்கோணும்," என்றாள். அடுப்பில் பருப்பு இருந்தது, அதைப் பார்க்கப் போனாள்.

அன்றைக்குக் குடோனில் நின்று கணக்குப் பார்த்தேன், யார் எதைச் செய்தது என்று. நாலு தறி ஓடிய காலத்தில் அந்த நாலுக்கும் ஊடைநூலைக் குச்சியில் தாராகச் சுற்றியது அவள். தார் இல்லையென்றால், பாவுக்குக் குறுக்கே நூலை இழுத்துப் போகிற நாடா வெறுமனே ஓடும், துணி வராது. ஆள் வைக்க வழியில்லாமல் மூன்று வருடம் அவளே சுற்றினாள். போர் போடும்போது மூன்றாவது இடத்தை நான் காட்டினேன், சரி. வெயில் காலத்திலும் அந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறது என்று முதல் நாள் என்னிடம் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் 'ஒற்றை ஆளாகச் செய்தேன்' என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை. எழுதியதை எடுக்கக் கூடாது என்பது அந்த அம்மணியின் விதி, எனக்கும் அது சரியாகப் படுகிறது. கீழே இன்னொரு சீட்டு குத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பூச்சிக்கான சீட்டையும் எழுதி அனுப்பினேன். மூன்று வரி. முதலில் கண்டது: என் மனைவி. பிடித்தது, செகண்ட்ஸை எறியாமல் வைத்திருந்தது: நான். வகை கண்டது: அந்த அம்மணி. மூன்று பேருக்கும் முழுப் பெயர் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதிவரும் இந்தப் புத்தகத்தில் யார் பெயரையும் போடவில்லை, இங்கே அது தேவையில்லை. அந்த ஊசியில் தேவை. நாங்கள் போன பிறகும் அந்தப் பெட்டியைத் திறந்து யாராவது பார்ப்பார்கள்.

சீட்டு வந்து சேர்ந்தது என்று அவர் போனில் சொன்னார். பொடி எழுத்தில் அடிக்கக் கொடுக்க வேண்டும், வேலை இருக்கிறது, குத்திவிடுகிறேன் என்றார். இரண்டு தடவை விசாரித்துவிட்டேன். செம்பருத்தி மறுபடி பழைய உயரம் வந்துவிட்டது, இந்த வருடம் தூறலும் ஆரம்பித்துவிட்டது. இன்னும் குத்தவில்லை.

அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். என் குடோனுக்குப் பெயர் வேண்டாம், தடத்துக்கு வேண்டாம், கம்பத்துக்கு வேண்டாம். அந்தப் பூச்சியின் கீழ் என் பெயர் வர வேண்டும். அவள் பெயருக்குக் கீழே வரட்டும். வராமல் இருக்கக் கூடாது.